அப்பா பேசுறேன்

அண்ணாச்சி, அந்த போனின் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீர்களா? குறைக்க முடியாது என்றால் விடுங்கள். பஸ்ஸில் எல்லோரும் கேட்க வேண்டும் என்றுதானே வைத்திருக்கிறீர்கள். டிரைவருக்கும் கேட்கட்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. ராஜபாளையம் தாண்டியதிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் நாலு தடவை சிரித்துவிட்டீர்கள். எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். அந்த ஆள் ஹோட்டலில் ரெண்டு காபி சொல்லிவிட்டு, வராத ஒருத்தனுக்காக வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பாருங்கள், அதற்கு ஒரு சிரிப்பு. ரெண்டு காபியையும் அவனே குடித்தான், அதற்கு ஒன்று. லிப்ட் மெக்கானிக் ஒருத்தரோடு பீச்சில் சுண்டல் தின்றான், அதற்கு ஒன்று. இப்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு மூக்கு ஒழுக அழுகிறான், அதற்கும் சிரிக்கிறீர்கள்.

நான் சிரிக்கலாம். நான் சிரித்தும் இருக்கிறேன். அவன் என் கூடப்பிறந்த அண்ணன். நீங்கள் யார்?

அட, போனை ஏன் பையில் வைக்கிறீர்கள்? எடுங்கள். அவன் அழுகிற இடத்தில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு கட்டைக் குரல் வருகிறதே, கேட்டீர்களா? படத்தில் கீழே எழுத்தில் 'தந்தையின் குரல்' என்று போடுகிறார்கள். அது எங்கள் அப்பா இல்லை. நான்.

நம்பவில்லையா? "இசக்கி. அப்பா பேசுறேன்."

பயந்துவிட்டீர்கள். முன் சீட்டு அக்கா திரும்பிப் பார்க்கிறார், யார் அந்தப் பெரியவர் என்று. யாரும் இல்லை அக்கா, நீங்கள் தூங்குங்கள்.

கதைக்கு முன்னால் ஒன்று. ஏறியதும் உங்களிடம் அந்த ஜன்னல் சீட்டைக் கேட்டேன். "நான் மொதல்ல வந்தேன் தம்பி, எனக்குக் காத்து வேணும்." உங்கள் குரல்தானே? மூக்கில் கொஞ்சம் சளி இருக்கிறது, இல்லையென்றால் இன்னும் சரியாகச் செய்வேன். எனக்குப் பஸ்ஸில் வாந்தி வரும். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான். கையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், பாருங்கள். உங்கள் வேட்டி நல்ல வெள்ளை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் அப்பா வேலாண்டி. எங்கள் ஊரில் மைக்கார வேலாண்டி என்றால்தான் தெரியும். ஆட்டோவின் மேலே ரெண்டு குழாய் ரேடியோவைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்க அறிவிப்புச் சொல்வது அவர் தொழில். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், நாளை தண்ணீர் வராது, எல்லாம். முக்கியமாகச் சாவு. "வடக்குத் தெருவைச் சேர்ந்த இன்னார் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்..." அந்த 'ஆழ்ந்த'வில் ஒரு சின்ன நடுக்கம் கொடுப்பார். செத்தவர் யாரென்றே தெரியாதவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார்கள். எனக்கு நாலு வயதில் எங்கள் அம்மா இறந்தபோதும் அவர்தான் போய்ச் சொன்னார். "இசக்கிராஜ், பூமயில், கொம்பையா ஆகியோரின் தாயார்." கொம்பையா நான்தான். சிரியுங்கள், ஐந்தாவது தடவையாக இருக்கட்டும்.

எனக்கு எல்லோருடைய குரலும் வரும். ஹெட்மாஸ்டர், பக்கத்து வீட்டு ஆடு, பஞ்சாயத்துத் தலைவரின் இருமல். அப்பாவின் குரல் போன வருஷம்தான் வந்தது. குரல் உடைந்து நாலு மாதம் தவளை மாதிரி இருந்தது. ஒரு நாள் காலையில் வாயைத் திறந்தால் அப்பா. அன்றைக்கே அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து ஆட்டோவில் ஏறி மைக்கை எடுத்தேன். "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று மதியம் இரண்டு மணிக்குச் சிறப்புக் குடிநீர் வழங்கப்படும்." பக்கப் படுதாவை இறக்கிவிட்டு நாலு தெரு சுற்றினேன். ரெண்டு மணிக்கு ஊரில் இருந்த குடமெல்லாம் குழாயடியில். அப்படி ஒரு வரிசையை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? "எனக்குத் தகவல் தப்பா வந்திருச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று வீடு வீடாகப் போய்ப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றியதும்தான் காரணம் சொன்னார். "ஏலே, என் குரலு ஒனக்கு வருதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு நான் சாவு சொன்னா எவன் நம்புவான்? அப்பன் சொல்றானா மகன் சொல்றானான்னு பொணத்தைத் தொட்டுப் பாத்துட்டுல்ல அழுவான்?" நியாயம்தான். அடியும் நியாயமாகத்தான் விழுந்தது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி அண்ணன். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவன். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டியது, கழுவியது, பள்ளிக்கூடத்தில் விட்டது எல்லாம் அவன். சொல்லிக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவனும் சொல்லிக் காட்டியதில்லை, அதுதான் எரிச்சல். மூன்று வருஷம் முன்பு, தீபாவளி முடிந்த மறுவாரம், அப்பா ஒரு பெண்ணின் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினார். இவன் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்பா, எனக்குப் பொண்ணு வேண்டாம், எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும்" என்றான். ஏதோ சாம்பார் வேண்டாம், ரசம் ஊற்றுங்கள் என்பது மாதிரி.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அவன் இல்லை. அவன் பெட்டி இல்லை. அவன் சட்டை மாட்டும் ஆணி மட்டும் இருந்தது. அப்பா சொன்னார்: "பெரியவன் பேரு இந்த வீட்டுல இனி கேக்கக் கூடாது. எவனும் அவங்கூடப் பேசக் கூடாது." பூமயில் அக்கா அழுதாள். நான் அழவில்லை. பள்ளிக்கூடம் விட இன்னும் அரை மணி நேரம்தான் இருந்திருக்கும். காத்திருக்க முடியாதா ஒருத்தனால்? வராத ஒருத்தனுக்காக ஹோட்டலில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறான், படத்தில் பார்த்தீர்கள்தானே? அதைச் சொல்கிறேன்.

சரி, போனான். சென்னையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற வேலை. ஒழுங்காக அதைச் செய்துகொண்டு இருந்திருக்கலாம். தர்ஷினி என்று ஒரு அம்மாள் காமிராவோடு அவனைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால் ஒரு வருஷம் விடவில்லை. இவன் துணை தேடுகிறதைப் படம் எடுத்தாள், ஏமாறுகிறதைப் படம் எடுத்தாள், அந்த ஜெரோமைக் கண்டுபிடித்ததைப் படம் எடுத்தாள். ஜெரோம்தான் அந்த லிப்ட் மெக்கானிக். ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்டுக்குள் என் அண்ணன் மாட்டிக்கொண்டான், இவர் கதவைத் திறந்தார், அங்கே ஆரம்பித்தது காதல். சினிமாவில்கூட இப்படி எடுக்க வெட்கப்படுவார்கள்.

"ஆக்சுவலா, லவ் கெடைச்சிருச்சு. இப்ப ஃபேமிலி அக்செப்டன்ஸ் மட்டும் கெடைச்சா படம் கம்ப்ளீட் ஆகிடும்." இது தர்ஷினி அம்மாள். எங்கள் வீட்டுக்கு மூன்று கடிதம் போட்டாள். மூன்றையும் அப்பா அடுப்பில் போட்டார். வெந்நீர் நன்றாகக் கொதித்தது.

ஆனால் படத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி முதலிலேயே இன்ஸ்டாகிராமில் விட்டிருந்தார்கள். "என் பேர் இசக்கிராஜ், நான் ஒரு தன்பாலீர்ப்பாளன்" என்று ஊர்ப் பெயரோடு சொல்கிறான். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் இருந்தால் நாக்கு அழுகிவிடுமா? மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் பெரிதாக '9'. அதற்கப்புறம் கணக்கு வாத்தியார் ஒன்பது என்று ஒரு விடை சொன்னால் போதும், நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் நாள் ரெண்டு பேரை அடித்தேன். ரெண்டாம் நாள் ஆறு பேர் என்னை அடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது.

பூமயில் அக்காவின் பிள்ளைக்கு ஒரு வயது முடிந்து, பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டுக் காதுகுத்து வைத்திருந்தார்கள். உங்களுக்குத் தெரியாததா? பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் காது குத்த முடியும். அதில் மூத்த மாமனுக்குத்தான் உரிமை. அப்பா சொல்லிவிட்டார்: "மூத்தவன்னு ஒருத்தன் இல்ல. கொம்பையா உக்காருவான்."  அக்காவுடைய கல்யாணப் பத்திரிகையிலேயே அண்ணன் பெயரைப் போட விடாதவர்.

என் யோசனை என்னவென்றால், அப்பா குரலில் அவனைக் கூப்பிடுவது. நம்பி, சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவான். அத்தனை சொந்தக்காரர் முன்னால் அப்பா விரட்டுவார். அவன் முகம் தொங்கும். எனக்கு வகுப்பில் தொங்கியது மாதிரி. அவ்வளவுதான். வேறு ஒரு எண்ணமும் இல்லை, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அப்பா குளிக்கப் போன நேரம் அவர் போனை எடுத்தேன். அண்ணன் நம்பர் அதில் இல்லை, எப்போதோ அழித்துவிட்டார். எனக்கு மனப்பாடம். சில நம்பர்கள் அப்படித்தான் அண்ணாச்சி, எவ்வளவு முயற்சி செய்தாலும் மறந்து தொலைவதில்லை. அங்கே அந்த நேரம் காமிரா ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"இசக்கி. அப்பா பேசுறேன்."

பதினோரு வினாடி சத்தமே இல்லை. படத்தில் அதை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

"யாரு?"

"அப்பாதான்டா. பங்குனி உத்திரத்துக்குப் பூமயிலு புள்ளைக்குக் காதுகுத்து. ஒன் மடியிலதான் வச்சுக் குத்தணும். கெளம்பி வா. அந்த லிப்டுக்காரப் பையனையும் கூட்டிட்டு வா."

 அப்புறம் ஒரு மாதிரி மூச்சு. "சொல்லுங்கப்பா," என்றான். அழுகிறான். அப்பா கூப்பிட்டுவிட்டார் என்று அந்த மடையனுக்கு அப்படி ஒரு அழுகை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கன்னத்தைக் கடித்துக்கொண்டேன்.

"தம்பி எப்படிப்பா இருக்கான்?"

"அவனுக்கென்ன. தின்னுட்டுத் திரியுறான்."

"வளந்துட்டானா?"

"என் தோளைத் தாண்டிட்டான்."

"கொரலு ஒடைஞ்சிருக்கும்லப்பா?"

"ஒடைஞ்சிருச்சு."

"நல்லாருக்குப்பா," என்றான். "ரொம்ப நல்லாருக்கு."

என்ன நல்லாயிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சம்பந்தமில்லாமல் எதையோ சொல்கிறான். அழுதால் மூளை வேலை செய்யாது போல. வைக்கும்போது பழக்கதோஷத்தில் நான் 'டாட்டா' என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் அப்பா பிறந்ததிலிருந்து யாருக்கும் டாட்டா சொன்னதில்லை. நல்ல வேளை, அவன் கவனிக்கவில்லை. அவனும் டாட்டா என்றான், வைத்துவிட்டேன்.

வந்தான் அண்ணாச்சி. பங்குனி உத்திரத்தன்று பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. முதலில் காமிரா இறங்கியது, அப்புறம் அந்த அம்மாள், அப்புறம் ஜெரோம், கையில் ஒரு பெரிய பொம்மை யானை. கடைசியில் அண்ணன். இளைத்திருந்தான். தாய்மாமன் சீர்த்தட்டு கையில். பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழம் எல்லாம் முறையாக வைத்திருந்தான்.  பொங்கல் பானை பொங்கி வழிந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அப்பா ஆட்டோ பக்கத்தில் நின்றார். "எவன்டா இவனைக் கூப்பிட்டது?"

தர்ஷினி அம்மாள் முன்னால் வந்தாள். "சார், நீங்கதானே கால் பண்ணீங்க? அந்த கால்தான் சார் எங்க படத்தோட உயிரு. உங்க வாய்ஸ் எங்ககிட்ட ரெக்கார்டுல இருக்கு." போனில் போட்டும் காட்டினாள். கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் மைக்கார வேலாண்டியின் குரல், "ஒன் மடியிலதான் வச்சுக் குத்தணும்."

ஊர்க்காரர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். இப்போது அந்தத் தண்ணீர் விஷயத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 'அது நான் இல்லை' என்றால் 'அப்போ யாரு?' என்று கேட்பார்கள். சின்னவன் என்று சொன்னால் தொழில் போயிற்று. இன்னொருத்தனும் என்னைத்தான் பார்த்தான். அண்ணன். அப்பாவைப் பார்க்காமல் என்னை ஏன் பார்த்தான் என்று கேட்கிறீர்களா? தம்பியின் மீசையை மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறான், வேறென்ன? மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு, "மேடம், விடுங்க. அப்பா கூப்பிட்டாங்க, நான் வந்தேன், அவ்வளவுதான்," என்றான். எதைச் சொன்னாலும் நம்புகிற ஜென்மம்.

அப்பா தொண்டையைச் செருமினார். சாவு சொல்வதற்கு முன்னால் செருமுவது போலவே.

"ஆமா. நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட்ட வாயாலயே சொல்றேன். போ."

அந்த 'போ'வில் நடுக்கம் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது. தொழில்காரர் அண்ணாச்சி, என்ன சொன்னாலும்.

அண்ணன் "சரிப்பா" என்றான். சீர்த்தட்டை அக்கா காலடியில் வைத்துவிட்டு வேனுக்குப் போனான். முகம் தொங்கியது. நான் நினைத்தது நினைத்தபடியே நடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சீர்த்தட்டில் இருந்த பழங்களை எண்ணிக்கொண்டு நின்றேன், வேறு வேலை இல்லை, அதனால்தான்.

பாயில் என்னை உட்கார வைத்தார்கள். பிள்ளையை மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் ஜெரோமின் யானை, அதை விடவே மாட்டேன் என்றது. ஆசாரி வலது காதைப் பிடித்து ஒரே குத்து. பிள்ளை கத்தியது. காதோடு போகிற கத்தல் இல்லை, உடம்பே கத்தியது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கத்தியது. நான் என்ன செய்வேன்? ஆடு மாதிரிக் கத்திக் காட்டினேன், நிற்கவில்லை. ஆசாரி இடது காதுக்கு ஊசியை எடுத்தார்.

அப்போது எனக்குக் கால் மரத்துவிட்டது. சத்தியமாகக் கால்தான். பிள்ளையைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"எங்கலே போற?" என்றார் அப்பா.

"கால் மரத்துப்போச்சு."

"உக்காருலே."

"முடியல. நீங்க வேணா உக்காருங்க."

பாட்டனார் மடியில் வைத்துக் குத்தக் கூடாது, அது அவருக்கும் தெரியும். ஒரு காது குத்தி ஒரு காதை விடவும் கூடாது. ஆசாரி ஊசியும் கையுமாக நிற்கிறார். "மாமன் மடி வேணும்மா, நேரம் போகுது," என்றார். பூமயில் அக்கா, மூன்று வருஷமாக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள், பிள்ளையை இடுப்பில் தூக்கினாள். நேரே வேனுக்கு நடந்தாள். "வாங்க ஆசாரியாரே, இன்னொரு மாமன் அங்க இருக்கான்."

வேன் படியில் வைத்துத்தான் இடது காது குத்தினார்கள். அண்ணன் மடியில். ஜெரோம் யானையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிள்ளை அப்போதும் கத்தியதுதான், ஆனால் சீக்கிரம் நின்றது. அப்பா இலையில் உட்காராமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார் போல, அவர் மூச்சு வாங்குகிற சத்தம் கோயிலைச் சுற்றியிருந்த காடு முழுக்கக் கேட்டது.

நீங்கள் இன்னும் பார்க்கவில்லையே, படம் அங்கேதான் முடிகிறது. கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன். நல்லது.

படம் வெளியில் வந்த பிறகு ஊரில் ரெண்டு கட்சி. ஒரு கட்சி அப்பாவுக்குக் கை கொடுத்தது: "மைக்காரரே, பெரிய மனசு வே ஒமக்கு." இன்னொரு கட்சி, "இப்படிப்பட்ட மகனைக் கூப்பிட்ட வாயால எங்க வீட்டு நல்லது கெட்டதைச் சொல்ல வேண்டாம்" என்று வேறு ஆளைத் தேடியது. ரெண்டு கட்சிக்கும் அவர் பதில் சொல்ல முடியாது. ஒரு நாள் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அந்தப் போன் காட்சியை மட்டும் மூன்று தடவை போட்டுக் கேட்டார். நான் பின்னால்தான் நின்றேன். திரும்பாமலே சொன்னார்: "'காதுகுத்து'ன்னு சொல்லிட்டு நான் அங்க மூச்சு வாங்க மாட்டேன்." அவ்வளவுதான். பெல்ட்டைக் கூட எடுக்கவில்லை. உள்ளே வந்து, "இந்த வீட்டுல இனி ஒன் வாயிலேருந்து சத்தம் வரக் கூடாது," என்றார்.

ரெண்டு மாதம் அண்ணாச்சி. சோறு வேண்டும் என்றால் தட்டைக் காட்டுவேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மார்க்கைக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.  அதனால்தான் பஸ்ஸில் கிடைத்த உங்களைப் பிடித்து இப்படிக் கொட்டுகிறேன். உங்கள் மேல் ஒன்றும் பிரியம் இல்லை.

அப்புறம்தான் ரெண்டாவது யோசனை. வேறொரு சிம் வாங்கி, அப்பா குரலில் அண்ணனைக் கூப்பிட்டேன். "நம்பர் மாத்திட்டேன்டா," என்றேன். நம்பினான். "சின்னவனை அங்க அனுப்புறேன். காலேஜுல ஏதாச்சும் சேத்துவிடு. ஒங்கூடவே வச்சுக்கிடுவியா?" அது கொஞ்சம் நடுங்கிவிட்டது. சாவு அறிவிப்பு நடுக்கம், வேண்டுமென்றே கொடுத்ததுதான். அவன் உடனே, "அனுப்புங்கப்பா. கட்டில் போட்டாச்சு," என்றான். நான் கேட்பதற்கு முன்னாலேயே எப்படிக் கட்டில் போட்டான்? உளறுகிறான், வேறென்ன. ஜெரோம் பின்னாலிருந்து, "ஃபேனும் மாட்டியாச்சு அங்கிள்," என்கிறார். அங்கிளாம்.

இன்று நான் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அப்பா வீட்டில் இல்லை. பஸ் கிளம்பும்போது மார்க்கெட் பக்கம் அவர் குரல் கேட்டது. யாரோ ஒருத்தர், இன்னார் இன்னார் ஆகியோரின் தகப்பனார், இயற்கை எய்தினார். 'ஆழ்ந்த' என்ற இடத்தில் இப்போதெல்லாம் நடுக்கம் சரியாக விழுவதில்லை. நான் நன்றாகச் செய்வேன்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவன்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களும் கேளுங்கள், எப்படி ஏமாறுகிறான் என்று. சத்தம் மட்டும் போடாதீர்கள்.

"இசக்கி. அப்பா பேசுறேன்."

"சொல்லுங்கப்பா. எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான்டா."

"சரிப்பா."

"கிருஷ்ணன்கோவில் எல்லாம் எறங்கு, கிருஷ்ணன்கோவில்..."

இந்தக் கண்டக்டரைப் பாருங்கள், சரியாக இந்த நேரத்தில்தான் கத்த வேண்டுமா. "டிவி ஓடுதுடா, இசக்கி."

"சரிப்பா. ஜன்னல் சீட்டு கெடச்சிச்சா?"

"இல்லடா. ஒரு பெரிய மனுசன் தரமாட்டேன்னுட்டாரு."

"எலுமிச்சம்பழம் இருக்குல்ல? மோந்துக்கோங்க. போன் பாக்காதீங்க, கண்ணை மூடிக்கோங்க. மதுரையில ரயிலேறிட்டுக் கூப்பிடுங்கப்பா. எக்மோருல நானும் ஜெரோமும் நிப்போம். எவ்வளவு நேரமானாலும் நிப்போம், என்ன?"

"ம்."

"டாட்டா."

"டாட்டா."

கேட்டீர்களா? வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரை எலுமிச்சம்பழம் மோந்து பார்க்கச் சொல்கிறான். எங்கள் அப்பா வாழ்க்கையில் ஒரு தடவை வாந்தி எடுத்ததில்லை. இப்படி ஒரு மக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இவனையெல்லாம் படம் எடுக்கிறார்கள்.

என்ன அண்ணாச்சி, எழுந்திருக்கிறீர்கள்? திருமங்கலம் இன்னும் வரவில்லை. என்னது? ஜன்னலா? நான் இப்போது கேட்கவே இல்லையே. நீங்கள்தானே மொதல்ல வந்தது, உங்களுக்குத்தானே காத்து வேண்டும்.

சரி, தள்ளுங்கள். உங்கள் வேட்டிக்காகத்தான்.